ஆயுதபூஜையில் வைத்த குண்டு

அன்புள்ள சிவபாலனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நீயும் ஜெர்மனிக் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பாய். மனசுதான் இங்கே சரியில்லை. போனில் பேசினால் நான் மறுபடியும் கத்திவிடுவேன் என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

கம்பெனியில் பரிசு வாங்கினேன், நானே வரைந்து செய்த பித்தளைச் சாமான் என்று ஒரு படம் அனுப்பினாயே, முனை கூம்பி இருந்ததைப் பார்த்து ஏதோ தறி மிஷினில் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவுக்கு முனை செய்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஆயுதபூஜைக்குத் தறியை நிறுத்தியதும் என் நாடாவுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். பொரி வாங்கிப்போக வந்த ஏனாத்தூர் துரைக்கண்ணு, பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர், படத்தைப் பார்த்ததும் பொரியைக் கீழே வைத்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இது துப்பாக்கி குண்டுப்பா. முனையில குழி இருக்குது பாரு, உடம்புல பூந்ததும் உள்ளாற விரிஞ்சிக்கும். சண்டையில இத்த சுடக் கூடாதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே தேசங்க கையெழுத்து போட்டுக்கினாங்க” என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தா பக்கம் டம்டம் என்ற ஊரில் இந்த மாதிரி செய்தார்களாம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

உடனே உனக்குப் போன் போட்டுக் கேட்டால், பட்டாளத்துக்கு இல்லையப்பா, போலீசுக்குத்தான், சட்டப்படி தப்பே இல்லை என்கிறாய். ஒருவனைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பவன்மேல் படாது, அதனால் நல்லதுதான் என்கிறாய். சரி, இருக்கட்டும். எல்லை தாண்டி வருகிற எதிரியைச் சுடக் கூடாத குண்டால் சொந்த ஊர்க்காரனைச் சுடலாம் என்றால் இது என்னடா சட்டம்? அதைவிட, மிஷின் பாகம் மிஷின் பாகம் என்று மூன்று வருஷமாக எங்களை ஏமாற்றினாயே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. படித்தவன் நீ, உனக்கு நான் என்ன சொல்வது.

நான் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா போனை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அது பட்டவன் பொழைப்பானா கண்ணு?” சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கு என்ன தெரியும்?

காமாட்சி உன்னைக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எனக்குப் பதில் போட வேண்டாம். அம்மாவுக்குப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. உமாபதி,
காஞ்சிபுரம்.