வளையம் எந்தப் பக்கம்

அக்டோபர் 6, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து. போன வருட டைரியை இன்று திரும்பப் படித்தேன். அதில் எல்லாச் சண்டையிலும் நானே ஜெயித்திருக்கிறேன். அப்படி இருக்க வாய்ப்பே இல்லை.

முதல் உண்மை: எங்கள் வீட்டில் ஒரு மாதமாக யாரும் வேறு எதையும் பேசுவதில்லை. துப்பாக்கி, துப்பாக்கி, துப்பாக்கி. எனக்குப் பத்தாம் வகுப்பு. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

உம்மா ஷார்ஜாவுக்கு வெளியே பாலைவன ரோட்டில் இருக்கும் ஒரு ஷூட்டிங் கிளப்பில், பெண்கள் பிரிவில் வேலை செய்கிறார். பறக்கும் களிமண் தட்டைச் சுட வருகிற பெண்களுக்குக் காதுமூடியும் கோட்டும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, துடைத்து வைப்பது. ஐந்து வருடமாக இதுதான். இப்போது பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பான ஷிரின் மேடம் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நவம்பர் முதல் தேதி கமிட்டி முன்னால் உம்மா துப்பாக்கியைப் பற்றி விளக்கிச் சுட்டுக் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் துணைப் பயிற்சியாளர். கவுண்டருக்குப் பின்னால் இல்லை, சுடுகிற வரிசையில் நிற்கலாம்.

உம்மாவுக்கு அது எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். கேட்டால் "கெடைச்சா கெடைக்கட்டும்" என்பார். ஆனால் குளியலறைக்குள் ஆங்கிலம் பேசிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது.

அக்டோபர் 8, புதன்

உம்மாவுக்காகத் துப்பாக்கியைப் பற்றி எல்லாம் படித்து முடித்தேன். மூன்று கையேடு, ஒரு புத்தகத்தில் இரண்டு அத்தியாயம். உம்மா ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

கமிட்டி கேட்கப் போகிற முக்கியமான கேள்வி ஒன்றுதான். புதிதாக வரும் பெண்களுக்கு எந்தத் துப்பாக்கி? கிளப்பில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டுமே செமி-ஆட்டோமேடிக் ஷாட்கன். ஒரு தடவை சுட்டால் காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

பழையவை நான்கு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வடிவம், முதுகு கூன் விழுந்த மாதிரி இருக்கும். சுட்டதும் அதன் குழலே பின்னால் வந்து மறுபடி முன்னால் போகும். புதியவை தோட்டாவிலிருந்து வரும் வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு அதன் பலத்திலேயே இயங்குபவை. உம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர் "கேஸ் துப்பாக்கி". அடுப்பா அது?

நான் கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்தேன். தோட்டாவின் எடை, துப்பாக்கியின் எடை, சுட்டதும் தோளில் விழும் உதையின் அளவு. புதியது எடை குறைவுதான், ஆனால் உதை நீண்டு பரவி வருவதால் தோளுக்கு மென்மை என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. ஆகவே புதியது. முடிந்தது.

உம்மா அட்டவணையின் மேல் வெங்காயத்தை வைத்து நறுக்கினார்.

"நீ சுட்டுப் பாத்தியா?"

கிளப்பில் பதினாறு வயது ஆனால்தான் தொட விடுவார்கள். எனக்குப் பதினைந்து. இது உம்மாவுக்குத் தெரியாதா?

"அப்ப நில்லு இங்க." என்னைக் குளிர்சாதனப் பெட்டியோடு சேர்த்து நிறுத்தி, உள்ளங்கையால் தோளில் ஒரே தள்ளாகத் தள்ளினார். "இது ஒன்னோட கேஸு." பிறகு அதே கையால் ஒரு இடி, உடனே ஒரு சின்ன இழுப்பு. "இது பழசு. ரெண்டு தடவ ஆட்டும். ஆனா கனம், கையில நிக்கும். மண்ணு பறந்தாலும் மக்கர் பண்ணாது. கேஸு என்னான்னா கரி புடிச்சுக்கிட்டு, வாரம் ஒருக்கா கழுவச் சொல்லும்."

எனக்கு இரண்டுமே வலித்தது. அதைச் சொல்லவில்லை.

வாப்பா பர் துபாய் துணிக்கடையிலிருந்து இரண்டு மணி நேர டிராஃபிக்கில் வந்து உட்கார்ந்தார். "நம்ம வீட்டுல ஒரு பட்டாசு வெடிச்சதில்ல. சோறு போடுறவங்க யாராவது இருக்கீங்களா, இல்ல சுட்டுத்தான் திங்கணுமா?"

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நான் உருப்படியான காரியம் ஒன்று செய்தேன்.

பழைய துப்பாக்கியில் ஒரு வளையம் இருக்கிறது. பிரேக் மாதிரி. தோட்டாவில் இலேசு, கனம் என்று இரண்டு வகை; ஒன்றுக்கு அந்த வளையத்தை ஸ்பிரிங்குக்கு முன்னால் மாட்ட வேண்டும். பின்னால் வருகிற குழலை அது பிடித்து நிறுத்தும். மற்றதற்கு ஸ்பிரிங்குக்குப் பின்னால் சும்மா போட்டுவிட வேண்டும். எந்தத் தோட்டாவுக்கு எந்த இடம் என்பது இன்று காலைவரை எங்கள் இருவருக்குமே தெரியாது. இதையெல்லாம் பார்ப்பவர் ஆயுத அறையில் இருக்கும் கௌஸ் முகம்மது மாமா. அவர் மகள் கல்யாணத்துக்காக லீவில் வாணியம்பாடி போய்விட்டார். போன் எடுப்பதில்லை. அவர் வரும்வரை மாட்டுகிற வேலையும் உம்மாவுக்கு.

உம்மா ஆயுத அறைச் சுவரில் இருந்த அட்டையைப் படம் எடுத்து வந்தார். முழுக்க அரபி. மேலே தலைப்பு வரி, கீழே அருகருகே இரண்டு படம், ஒன்றில் வளையம் முன்னால், மற்றதில் பின்னால். போனில் மொழிபெயர்த்தேன்: "இலேசான தோட்டா, கனமான தோட்டா". அதைப் பார்த்து அழகாகத் தமிழில் அட்டை செய்தேன். இலேசுக்குப் பச்சை, கனத்துக்குச் சிவப்பு. ரோலா கடைத்தெருவில் கொடுத்து லேமினேட்கூடச் செய்தாயிற்று.

உம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். நன்றி என்ற வார்த்தை உம்மா பிறந்த கீழக்கரையில் இல்லவே இல்லையா?

அக்டோபர் 19, ஞாயிறு

உம்மா கதவை அடித்துச் சாத்தினார். பழைய துப்பாக்கி நான்கும் இன்று மானத்தை வாங்கிவிட்டனவாம். சுட்டால் காலித் தோட்டா வெளியே வராமல் பாதியில் சிக்கிக்கொண்டது. ஒருத்திக்கு மூன்று முறை. இரண்டு பெண்கள் போனில் படம் எடுத்துச் சிரித்தார்கள். இதுவரை இப்படி நடந்ததே இல்லை, உன் கார்டில் இருக்கிறபடிதான் மாட்டினேன் என்றார்.

கிழட்டுத் துப்பாக்கி அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். நான் முதலிலேயே சொன்னேனே என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு தடவை.

அக்டோபர் 21, செவ்வாய்

உம்மா என்னோடு பேசவில்லை. நான் சொன்னது சரி என்பதைத் தவிர வேறென்ன தப்பு செய்தேன்?

அக்டோபர் 25, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி.

இன்று ஒத்திகை. கனமான தோட்டாவை வைத்துச் சுட்டுக் காட்ட வேண்டிய பகுதி. உம்மா வளையத்தை மாட்டிக் கொடுக்க, ஷிரின் மேடமே வாங்கிச் சுட்டார். ஒரே வெடி. துப்பாக்கி அவரைப் பின்னால் தள்ளிவிட்டது. தோள் கறுத்துவிட்டதாம். துப்பாக்கியின் முன்கட்டையில் நூல் மாதிரி விரிசல். வளையத்தை மாட்டியது யார் என்று மேடம் கேட்டாராம். நான்தான் என்று உம்மா சொன்னாராம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாராம். யாருமில்லை என்று சொன்னாராம்.

முதல் தேதி உம்மா கமிட்டி முன்னால் வர வேண்டாம். வேறு ஆள் பார்க்கிறார்களாம்.

இதையெல்லாம் உம்மா வாப்பாவிடம்தான் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தைலம் தடவிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். உம்மாவின் தோளிலும் அதே கறுப்பு. கத்தரிக்காய் நிறம்.

"உங்களுக்கு எப்படி?"

"எல்லாரும் போன பொறவு பத்து சுட்டுப் பாத்தேன். அழுத்தாத புள்ள, மெதுவா."

எதற்குப் பத்து? ஒன்றிலேயே தெரிந்திருக்குமே. இந்த வீட்டில் யாருமே முழுதாக ஒன்றைச் சொல்வதில்லை.

அக்டோபர் 27, திங்கள்

நான்தான்.

அரபி வகுப்பில் படக்கதை. நான்கு படம், கதையை எழுத வேண்டும். நான் எழுதிய கதையில் ஒருவன் முதலில் குடை வாங்குகிறான், பிறகு நனைகிறான், பிறகு மழை வருகிறது. டீச்சர் சிரித்துவிட்டு, படமும் வலப் பக்கத்திலிருந்துதான் ஆமிரா என்றார். வகுப்பே சிரித்தது.

எனக்கு ஆயுத அறை ஞாபகம் வந்தது. சுவர் அட்டையில் இரண்டு படம். தலைப்பு வலமிருந்து இடம். அப்படியென்றால் படமும் வலமிருந்து இடம். வலப் பக்கப் படம்தான் இலேசு. நான் இடப் பக்கத்தை இலேசு என்று எழுதிப் பச்சை அடித்தேன்.

இலேசான தோட்டாவுக்கு பிரேக் மாட்ட வைத்தேன். அதனால்தான் சிக்கியது. கனமானதுக்கு பிரேக்கே இல்லாமல் விட்டேன். அதனால்தான் — மேடம் தோள். உம்மா தோள்.

ஐந்து வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறேன். ஒருநாளாவது இடப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேனா? அந்தப் படத்தை மட்டும் ஏன் அப்படிப் பார்த்தேன்? அட கூறுகெட்டவளே. லேமினேட் வேறு.

அக்டோபர் 28, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா திரும்பக்கூட இல்லை.

"தெரியும்."

"எப்ப?"

"அன்னைக்கே. ஆறாவது சுட்ட பொறவு வளையத்த மாத்திப் போட்டேன். ஏழாவதுல அடங்கிருச்சு."

தெரிந்தே மூன்று நாள். மேடத்திடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சுட்டுக் கண்டுபிடித்ததைச் சொன்னால் கார்டைப் பற்றிக் கேட்பார்கள், கார்டு என்றால் யார் எழுதியது என்று கேட்பார்கள் என்றார்.

"கேக்கட்டுமே!"

"டியூட்டி என்னுது. ஒன் கார்ட நம்பி, ஒரு தடவ சுட்டுப் பாக்காம மாட்டுனது நான். நீயா வந்து மாட்டுனே? பரீட்சைக்குப் படி, போ."

இது என்ன நியாயம்? என் தப்புக்கு என்னைத் திட்டக்கூட மாட்டேன் என்றால் நான் எங்கே போய் நிற்பது? திட்டியிருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

வாப்பாவிடம் போனேன். "ரெண்டு பேரும் ஒரே அச்சு. என்னைய விட்டுருங்க" என்றார்.

அக்டோபர் 30, வியாழன்

உம்மாவின் போனிலிருந்து நம்பரை எடுத்து, ஸ்கூல் விட்டதும் என் போனிலிருந்து ஷிரின் மேடத்தை அழைத்தேன். ஆங்கிலத்தில் எழுதி வைத்துப் படித்தேன். நடுவில் ஒரு பக்கத்தைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அவர் கோபப்பட்டார். ஸ்கூல் பெண் எழுதிய கார்டைப் பார்த்துத் துப்பாக்கியை மாட்டியது இன்னும் மோசம் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன் என்று இருந்ததையும் கெடுத்துவிட்டேனா?

பிறகு, உன் உம்மாவுக்கு இது எப்போது தெரியும் என்று கேட்டார். அன்றே சாயங்காலம், ஆறு தடவை தன் தோளிலேயே வாங்கிக் கண்டுபிடித்தார் என்றேன். எந்த நிறம் ஆகியிருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"சனிக்கிழமை வரச் சொல். கார்டு இல்லாமல்."

உம்மாவிடம் சொன்னதும் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இரவுச் சாப்பாட்டை எனக்கு மட்டும் மேஜையில் டொக் என்று வைத்தார்.

நவம்பர் 1, சனி

வாப்பாவும் நானும் கண்ணாடிக்குப் பின்னால். உள்ளே ஷிரின் மேடமும் கமிட்டியில் இரண்டு அரபிப் பெண்களும்.

உம்மா பழைய துப்பாக்கியைக் கழற்றி, வளையத்தை இரண்டு விதமாகவும் மாட்டிக் காட்டினார். எதையும் பார்க்கவில்லை, விரலால் தடவியே மாட்டினார். கனமானதில் இரண்டு, இலேசானதில் மூன்று சுட்டார். ஐந்தில் மூன்று தட்டு உடைந்தது. ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. நேற்று முன்தினமே என் அட்டவணையைத் திருத்திவிட்டேன்: எடை அதிகம், நீண்ட ஆயுள், தூசியில் தயக்கமில்லை. பழையதுதான் என்று நானே மனம் மாறி உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கேள்வி வந்தது. எதைப் பரிந்துரைக்கிறாய்?

உம்மா புதியதைக் காட்டினார்.

எனக்கு எழுந்து கத்தலாம் போல இருந்தது. ஒரு மாதம்! ஒரு மாதம் என்னோடு சண்டை போட்டுவிட்டு!

காரில் கேட்டேன், அப்படியென்றால் நான் முதலில் சொன்னதுதானே சரி என்று.

"நீ சொன்னது சரி. சொன்ன காரணந்தான் தப்பு." உம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "பழசு மாதிரி துப்பாக்கி கெடையாது. எனக்குக் குடுத்தா நான் அதத்தான் எடுப்பேன். ஆனா மாட்டுறவங்க ஒரு எடம் தப்புனா, எவளோ பெத்த புள்ள தோளு நீலமாயிருது. புதுசா வர்றவளுக்கு அத எப்புடிக் குடுக்குறது?"

"மேடம்ட்டயும் இதத்தான் சொன்னீங்களா?"

"ஒன் பேரு மட்டும் சொல்லல."

வாப்பா சிரித்து, சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

நவம்பர் 3, திங்கள்

பழைய நான்கும் பெண்கள் பிரிவிலிருந்து போய்விட்டன. உம்மாவுக்கு நாளை முதல் சுடுகிற வரிசையில் டியூட்டி. பெயர் தைத்த கோட்டை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை போட்டும் பார்த்தார்.

அப்புறம் என் கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு தடித்த கையேட்டைப் போட்டார். புதிய துப்பாக்கியுடையது. நூற்றுப் பதினாறு பக்கம். எனக்கு வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை என்று சொன்னேன்.

"படிச்சுச் சொல்லு. எழுதித் தர வேணாம்."

நாற்பதாவது பக்கம் வரை சொன்னேன். நடுநடுவே நிறுத்தி, எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலாக வந்தது. ஒவ்வொரு தடவையும் படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, நான் இதை எழுதி முடிப்பதற்குள் உம்மா விளக்கை அணைத்துவிட்டா