மாப்பிள்ளையை டா போட்டேன்

18 ஜனவரி, ஞாயிறு இரவு

அரை இறுதியில் ஜெயித்துவிட்டோம். ஆனாலும் தூக்கம் வரவில்லை. எழுத்துக் கூட்டி இதை எழுதி முடிப்பதற்குள் வந்துவிடும்.

சங்கராபுரம் கால்பந்து அணிக்கு வலது ஓரத்தில் ஓடியே என் இளமை போனது. மாவட்டத்தைத் தாண்டி யாரும் கூப்பிடவில்லை. இப்போது அதே அணிக்கு நான்தான் கோச். என் இடத்தில் ஓடுபவர் என் மகள் ஷமீமின் வீட்டுக்காரர். வாங்க, போங்க என்றுதான் அவரிடம் பேசுவேன்.

இன்று அவர் ஓரத்தை விட்டு நடுவிலேயே சுற்றினார். ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. என் வாய் என்னை மீறிவிட்டது.

"டேய்! ஓரத்துக்குப் போடா!"

மைதானமே சிரித்தது. "பாய், மாப்பிள்ளைக்கு இன்னா மரியாதை!" என்று ஒருவன் கத்தினான். அவர் ஓரத்துக்கு ஓடினார். பந்தை வாங்கி உள்ளே தூக்கிப் போட்டார். கோல்!

ராத்திரி எங்கள் வீட்டில் குடும்பத்துக்கு விருந்து. அவர் மட்டும் வரவில்லை. "ஊரே பாக்க அவர டா போட்டுட்டீங்களே அத்தா" என்று ஷமீம் முறைத்தாள். எனக்குக் கறி இறங்கவில்லை.

சற்று முன்தான் வந்தார். எழுந்து நின்று, "வாங்க மாப்பிள்ளை" என்றேன்.

"உக்காருங்க மாமா. டீம் பசங்களுக்கு பரோட்டா வாங்கிக் குடுத்துக்கினு இருந்தேன். நீங்க 'கொஞ்சம் ஓரமா போங்க மாப்பிள்ளை'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்து எதிர் டீம் காலுக்குப் பூடுது. கிரவுண்ட்ல டா போடுங்க. வூட்ல வேணாம்."

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். கோப்பை எங்களுக்குத்தான்.

டேய் என்று எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். அழகாக வந்திருக்கிறது.