பொத்தான் சந்தின் சுவர்

மார்ச் 4

அன்புள்ள பொத்தானுக்கு,

மூட்டை எழுதிக்கொள்வது. சொல்வது நான், எழுதுவது என் மருமகள். நீ கடைசியாகக் கடிதம் போட்டது உன் மகனுக்குப் பெண் பிறந்தபோது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு முதுகுதான் தொந்தரவு. நாற்பது வருஷம் ஊரார் சரக்கைச் சுமந்த முதுகு, இப்போது என்னைச் சுமக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் அளவு நாடா, தோளில் நீளமாக ஒரு குழாய், அதற்குள் வரைபடம். நம் பழைய கட்டிடங்களுக்குள் ஓடுகிற கூரைபோட்ட சந்துகளையெல்லாம் அளந்து குறிக்கிறாராம். மூடிக் கிடப்பதில் பொதுவழி எது என்று தெரிந்தால் திறந்துவிடுவார்களாம். டீக்கடைக்காரர் என்னைக் காட்டி, "பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க. கண்ணைக் கட்டி விட்டாக்கூட இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துருவாரு" என்றிருக்கிறார்.

இரண்டு நாள் நடந்தோம். கண்ணாடிச் சந்தில் ஏழாவது கண்ணாடி இன்னும் உடைந்துதான் இருக்கிறது. செருப்புக்கடையில் ஆள் உயரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதவு உண்டே, அதைத் திறந்து குடைக்காரர்கள் வரிசைக்கு இறங்குகிற படியைக் காட்டினேன். அந்த அம்மா குழாயிலிருந்து வரைபடத்தை உருவித் தேடினார். "படத்துல இந்தப் படியே இல்லையே ஐயா" என்றார். "படம் போட்டவரு மூட்டை தூக்கியிருக்க மாட்டாரும்மா" என்றேன். பைண்டிங் கடையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, பசை வாசனை வந்த இடத்தில் வலது பக்கம் திரும்பிக் காட்டினேன். அங்கே இப்போதும் அதே பசைதான்.

அப்புறம் டிரங்குப் பெட்டிக் கடை மூலை. பேசிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். கால் நிற்கவில்லையடா, அது உள்ளே போகப் பார்த்தது. அந்த அம்மா சுவரைத் தட்டினார். "பின்னாடி காலியா இருக்கற மாதிரி கேக்குதே?" மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் ஏணி போட்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பலகையைப் படித்தார். "பொத்தான், நாடா, லேசு..."

உன் கடை. அப்படியே இருக்கிறது. உங்கள் பதினான்கு கடைகளையும் காலி செய்யவைத்து, கிடங்கு கட்டுகிறேன் என்று பொத்தான் சந்தின் வாயைச் சுவர் வைத்து அடைத்த கட்டிடக்காரர், சுவரோடு நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கட்டிடம் நகராட்சி கையில். அங்கே கடை வைத்திருந்தவர் யாராவது ஒரு கடிதம் எழுதித் தந்தால் நல்லது என்கிறார் அந்த அம்மா. மற்ற பதின்மூன்று பேரும் போய்விட்டார்கள். நீதான் பாக்கி.

இப்படிக்கு,
உன் மூட்டை

(மாமா பேனா மையைத் தொட்டுக் கீழே விரல் ரேகை வைத்திருக்கிறார். மீதி மை என் துப்பட்டாவில். – மருமகள்)


மார்ச் 17

டேய் மூட்டை,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மகன் வீடு ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஏழாவது மாடி. இங்கே உட்கார்ந்துகொண்டு பைண்டிங் கடைப் பசையை முகர்ந்தேன் என்றால் நம்புவாயா?

நகராட்சிக்கு நான் எழுதிவிட்டேன். ஆனால் கட்டிடக்காரரிடம் அன்றைக்கு இருந்த ஆயுதம் ஒரே ஒரு தாள், அதை நீயும் அறிவாய். சுமை போகிற சந்து பொதுவழி, அதை மூடக் கூடாது என்பது விதி. சுமை போனதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் சுமைக்காரர்களின் மேஸ்திரி. மேஸ்திரி நீ. "போனதில்லை" என்று எழுதி உன் கைநாட்டை வாங்கிக்கொண்டார்கள்.

உன்மேல் எனக்கு ஒருநாளும் வருத்தமில்லை. முப்பத்தொரு வருஷமாக என் மகனிடம் இதைத்தான் சொல்கிறேன். அவன் உன் பேரை எடுத்தாலே எரிந்து விழுவான். "படிக்கத் தெரியாதவன்கிட்ட எதையோ நீட்டி விரலை வாங்கிட்டாங்கடா, அவன் என்ன பண்ணுவான்?" என்பேன். அவன் அம்மாவும் சாகிறவரைக்கும், "அவரு பாவம், சூதுவாது தெரியாத மனுஷன்" என்றுதான் சொன்னாள். கடை போய், இந்த ஊருக்கு வந்து, இன்னொருத்தர் துணிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். அப்போதும் உன்னை நொந்ததில்லை.

அதை நீயே அந்த அம்மாவிடம் சொல்லிவிடு. ஏமாற்றி வாங்கினார்கள் என்று நீ சொன்னால் அந்தத் தாள் செல்லாது. என் ஷட்டரை ஒரு தடவை என் கையால் தூக்க வேண்டும் மூட்டை. வேறு ஆசை இல்லை.

உன்,
பொத்தான்


ஏப்ரல் 1

அன்புள்ள பொத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மருமகள் படித்துக் காட்டினாள். உன் மனைவி சொன்ன இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

இங்கே வெயில் அதிகம். நேற்று அந்த அம்மாவைத் தபால்தலைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்குள் கடை, அதற்குள் இன்னொரு கடை, கடைசியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம். "இங்க வியாபாரம் நடக்குதா?" என்றார். "இங்க சண்டைதாம்மா நடக்கும், அப்பப்போ வியாபாரமும் நடக்கும்" என்றேன். நன்றாகச் சிரிக்கிறார்.

நீ சொன்ன விஷயத்தைப் பற்றி அவரே கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதுகு வலி கொஞ்சம் குறையட்டும்.

இப்படிக்கு,
உன் மூட்டை


ஏப்ரல் 12

டேய் மூட்டை,

முதுகுக்கும் வாய்க்கும் என்னடா சம்பந்தம்? பேசத்தானே சொன்னேன், பெட்டி தூக்கவா சொன்னேன்? அந்த அம்மாவிடம் போனில் பேசினேன். "பெரியவர் வாயைத் திறந்தா சுவர் விழுந்துரும் சார், ஆனா அந்தப் பேச்சை எடுத்தா வேற சந்துக்குக் கூட்டிட்டுப் போயிடறாரு" என்கிறார்.

வெட்கப்படுகிறாயா? உன்னை ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். ஜூன் மாதம் மகனுக்கு விடுமுறை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். உன்னைப் பார்த்துக் கைகொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றான். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை.

சீக்கிரம் சொல்லித் தொலை.

உன்,
பொத்தான்


ஏப்ரல் 20

அன்புள்ள பொத்தானுக்கு,

இதை உட்கார்ந்து படி. மகன் பக்கத்தில் இருந்தால் அப்புறம் படி.

அந்தத் தாளை எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

மாடி அறையில், ஜன்னல் பக்கம் நின்று குமாஸ்தா படித்தார். எனக்கு ஒரு வார்த்தை தவறாது. "பொத்தான் சந்து வழியாக எந்தக் காலத்திலும் சுமை போனதில்லை. அது பொதுவழி அன்று. இது நான் அறிந்து சொல்வது." படித்துவிட்டு, "புரிஞ்சுதா மேஸ்திரி?" என்றார். "இன்னொரு வாட்டி படிங்க" என்றேன். படித்தார். "சரிதானே?" என்றார். "சரிதான்" என்று விரலை வைத்தேன். அன்று காலையில்தான் உன் கடையில் மூன்று பெட்டி இறக்கியிருந்தேன்.

காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் காசுக்காகச் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு மூன்று வாரம் முந்தி நீ ஒரு அட்டையை என் முதுகில், துண்டோடு சேர்த்துக் குத்தினாய். சுமைக்காரர்களுக்கு இனிமேல் அடையாள அட்டை உண்டு, முதல் அட்டை மேஸ்திரிக்கு என்றாய். "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டேன். "உன் பேரும், கீழ மேஸ்திரின்னும்" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு வேலை இல்லாத சந்துக்குள்ளும் ஒரு சுற்று போய் வந்தேன். கண்ணாடிச் சந்து, துணிச் சந்து, குடைக்காரர் வரிசை எல்லா இடத்திலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நம்மைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று. அட்டையோடுதான் வீட்டுக்குப் போனேன். என் பெண்டாட்டிதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வழி தவறிவிட்டேன். என்னை வீட்டில் கொண்டுபோய் விடவும்." படித்துவிட்டு அதை அடுப்பில் போட்டாள்.

மறுநாள் நீ கேட்டாய், "எப்படிடா இருந்துச்சு?" என்று. நான் சிரித்தேன். நீ வாங்கித் தந்த டீயைக் குடித்தேன்.

அந்தச் சந்து போனால் உனக்குக் கண்ணாடிச் சந்தில் ஒரு கடை கிடைத்துவிடும், கொஞ்சம் அலையட்டும் என்றுதான் நினைத்தேன். ஊரை விட்டே போவாய் என்று நினைக்கவில்லை. போன பிறகு, படிக்காதவன், பாவம் என்று நீ எழுதினாய். அது எனக்கு வசதியாக இருந்தது. அப்படியே இருந்துவிட்டேன்.

நேற்று அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏமாத்திட்டாங்கன்னு சொன்னாலே போதுமே ஐயா" என்றார். "ஏமாத்தினது நான்தாம்மா" என்றேன். எழுதினார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிவிட்டு விரல் வைத்தேன். சுவர் அடுத்த மாதம் போய்விடும்.

இப்படிக்கு,
மூட்டை

(நடுவில் இரண்டு தடவை என்னால் எழுத முடியவில்லை. மாமா எழுதச் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. – மருமகள்)


மே 2

மூட்டைக்கு,

கடிதம் கிடைத்தது.

அட்டை விஷயம் எனக்கு நினைவில் இல்லை. பத்து நாளாக யோசிக்கிறேன். செய்திருப்பேன், என் குணம் எனக்குத் தெரியும். பொழுது போகாத ஒரு காலையில் எழுதிக் குத்தியிருப்பேன், சாயங்காலமே மறந்திருப்பேன். நினைவில்லாத காரியத்துக்கு மன்னிப்புக் கேட்டால் அதுவும் உன்னிடம் விளையாடுவதாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

உனக்கும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் மனைவி உன்னை நல்லவன் என்று நினைத்தே போய்விட்டாள். அவளிடம் போய் இனி மாற்றிச் சொல்ல முடியாது. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால், நான் அத்தனை வருஷம் அவனை அதட்டி வாயை மூடவைத்ததற்கு அர்த்தமில்லாமல் போகும்.

ஜூன் பத்தாம் தேதி காலையில் வருகிறோம். நீ அங்கே இருக்க வேண்டாம். அவன் உனக்குக் கைகொடுப்பான், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொத்தான் கடைக்காரன்


ஜூன் 28

அன்புள்ள பொத்தானுக்கு,

நீ எழுதச் சொல்லவில்லை. இதற்குப் பதிலும் வேண்டாம்.

அன்றைக்கு நான் வரவில்லை. வீட்டில்தான் இருந்தேன். மருமகள் போய்க் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்தாள். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதாம். உன் மகன் உதவிக்கு வந்தபோது, "விடுடா, எனக்குத் தெரியும் இவளை எப்படித் தூக்கணும்னு" என்று ஓர் உதை விட்டுத் தூக்கினாயாம். எல்லாரும் கைதட்டினார்களாம். நீ உள்ளே போய் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாயாம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாயாம். கேட்டுக்கொண்டேன்.

இப்போது சந்து நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. மேலே கண்ணாடியைக் கழுவி வெளிச்சம் விட்டிருக்கிறார்கள். ஜனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். சுமையும் போகிறது. என் வீட்டிலிருந்து டீக்கடைக்கு அதுதான் குறுக்கு வழி. டீக்கடைக்காரர் கேட்கிறார், "நீங்க திறந்துவிட்ட வழி பெரியவரே, நீங்களே ஏன் சுத்திட்டு வர்றீங்க?" என்று. கால் பழகிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நூற்று எழுபது காலடி கூடுதல். நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. சுற்றித்தான் போகிறேன்.

இப்படிக்கு,
மூட்டை