பின்கதவுக்குப் போற டியூப்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்,
ஞாயிறு, ஆராதனை முடிஞ்சு வந்து எழுதுறது

அன்பு மகள் செரினாவுக்கு, ஆண்டவர் இரக்கத்தில் நானும் அம்மாவும் இருக்கோம். எடின்பரோ குளிரில் நீயும் மாப்பிள்ளை கிளாரன்ஸும் சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபத்தில் சொல்றோம். போன்ல சொல்ல வாய் வராத விஷயம் ஒண்ணு இருக்கு, அதான் கடிதம்.

ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அம்மா வீட்டை விட்டு இறங்கறது நம்ம பழைய டீசல் கார்ல ஏற மட்டும்தான்னு உனக்குத் தெரியும். டாக்ஸின்னா மாட்டேங்கிறா, வீல்சேர்னா அழறா. சாயங்காலம் பின்சீட்டில் உட்கார வெச்சு கடலோரமா ஒரு சுத்து போய்ட்டு வந்தாத்தான் சாப்பாடு இறங்கும். போன மாசம் கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னால வந்து இடிச்ச மாதிரி வண்டி குலுங்க ஆரம்பிச்சது, அம்மா பயந்துபோய் இறக்கி விடுங்கன்னு கத்தினா, அதோட காரும் வேண்டாம்னுட்டா. பதினெட்டு நாள் அந்த வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேர்தான். மணி என்ன மணி என்னன்னு கேட்டுட்டே இருப்பா, ஒரு கட்டத்தில் நான் பதில் சொல்றதையே நிறுத்திட்டேன்.

ஆங் மோ கியோவில் கார் பட்டறை வெச்சிருக்கிற அர்ஃபான் ஓட்டிப் பார்த்துட்டு, கியர்பாக்ஸ் போச்சு லா அங்கிள், ஸ்க்ராப்புக்குக் குடுத்திடுங்கன்னான். எனக்கு மனசு ஒப்பலை. சாவியைத் திருப்பின பிறகும் எஞ்சின் உடனே அணையாம நாலஞ்சு விநாடி இழுத்துக்கிட்டு இருந்தது. இந்த மாதிரி வண்டியில காற்றை உறிஞ்ச ஒரு பம்ப் உண்டு, அந்த வேக்குவம்தான் சின்னச் சின்ன டியூப் வழியா கியருக்கும் போகும், எஞ்சினையும் அணைக்கும், கதவுப் பூட்டுக்கும் போகும். எங்க கசிஞ்சாலும் எல்லாத்தையும் பாதிக்கும். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு இது தெரியாதா, அர்ஃபான்கிட்டயே காற்றை உறிஞ்சிப் பார்க்கிற, முள் வெச்ச கைப்பம்பை இரவல் வாங்கிட்டு வந்துட்டேன்.

நான் கார்பார்க்குக்கு இறங்கும்போது வீட்டு வாசல் கம்பிக் கேட்டை வெளியில பூட்டிட்டுத்தான் போவேன், அவ தனியா இறங்கி விழுந்திடுவாளோன்னு. இது உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம்னு சொல்லிட்டு இறங்கினேன். ஒவ்வொரு டியூபா கழட்டி பம்பை மாட்டி முள் நிக்குதான்னு பார்த்தேன், பிரேக்குக்குப் போறது சரி, கியருக்குப் போறது சரி, பூட்டுக்குப் போறதுல முள் சர்ருன்னு இறங்கிடுச்சு. கதவு கதவாப் பார்த்தா, அம்மா உட்கார்ற பின்கதவுக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கு. அந்தக் கதவுக்குப் போற டியூபை மட்டும் ஒரு ஸ்க்ரூ வெச்சு அடைச்சேன். கார்பார்க்கையே சுத்திப் பார்த்தேன், கியர் மாறினதே தெரியலை, சாவியைத் திருப்பினதும் பட்டுன்னு அணைஞ்சது. எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம்தான். அப்பவே மேல போயிருக்கணும். போகலை. கார்க் கண்ணாடியை ஏத்திட்டு உள்ளேயே சும்மா உட்கார்ந்திருந்தேன், ரெண்டு மணி நேரம். மேல போகப் பிடிக்கலைம்மா.

போய்ப் பார்த்தா, பக்கத்து வீட்டு மங்களம் கேட்டுக்கு வெளியில ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கம்பி வழியா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. உள்ள அம்மா நனைஞ்ச துணியோட நிக்கிறா. மங்களம் திட்டலை, ஒரு சாவி என்கிட்ட குடுத்து வைங்க அண்ணேன்னு மட்டும் சொல்லிச்சு. அம்மா என்னைப் பார்த்து, வண்டி சரியாச்சான்னு கேட்டா.

மறுநாள் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். அவ பக்கத்துக் கதவை மட்டும் இனி கையாலதான் பூட்டணும். குலுக்கல் இல்லை, பயப்படாம வந்தா. கடலோரம் நிறுத்தி நடந்ததைச் சொல்லிட்டேன், வேணும்னேதான் வரலைன்னு. அதுக்கு அவ, எனக்கும்தான் அந்த வீட்ல இருக்க முடியலை, நான் எங்க போய் உட்கார்றதுன்னு கேட்டா.

நீ கேட்கும்போதெல்லாம் சமாளிச்சுக்கிறேன்னு சொன்னேனே, அது பொய். லீவு கிடைச்சா ரெண்டு வாரம் வந்து இரு. எதிர் ப்ளாக்கில் வயசானவங்களைப் பகல்ல பார்த்துக்கிற நிலையம் இருக்கு, நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறா, நீ கூட நடந்தா வருவா. மங்களத்துகிட்ட சாவி குடுத்துட்டேன்.

பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கோ, நெஞ்சுச் சளியை அலட்சியம் பண்ணாதே. கர்த்தர் உங்க ரெண்டு பேர் போக்கையும் வரவையும் காக்கட்டும். டிக்கெட் போட்டா முதல்ல அம்மாகிட்ட சொல்லு, என்கிட்ட அப்புறம் சொன்னாப் போதும்.

உன் அப்பா,
சுவிசேஷமுத்து