எதிர்காற்றுக் கேள்வி

செவ்வாய்க்கிழமை, ஆகஸ்டு 1974. திருவள்ளூர்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க நான் தயாரித்த அறிவுத்தேர்வில் பதினேழாவது கேள்வி மட்டும் புள்ளிவிவரக் கணக்குக்குப் பொருந்தவே இல்லை. மற்றதையெல்லாம் சரியாக எழுதியவர்களே அதில் தவறியிருந்தார்கள். "அந்தக் கேள்வியை எடுத்துடும்மா, பொருந்திடும்" என்றார் என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். ஆய்வேட்டுக்கு அது போதும். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

இன்று பழவேற்காடு போனேன். அந்தத் தேர்வில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்து வேலை கிடைக்காமல் போன மீனவர் ஏழுமலையைப் பார்த்துக் கேட்டேன். எதிர்காற்றில் பாய்மரப் படகு முன்னேறுமா என்பதுதான் அந்தப் பதினேழாவது கேள்வி. முன்னேறாது என்பது நான் வைத்த விடை.

அவர் சிரித்தார். "இன்னாம்மா இது? பாயைத் திருப்பிக்கினு குறுக்கால குறுக்கால போனா கரைக்கு வந்துடலாம். தெனம் அப்பிடித்தான் வர்றோம்."

"தப்பு என்னுதுதாங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. "அப்போ என் வேலை?"

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நான் வைத்த விடைதான் தவறு, ஏழுமலைக்கு அந்த மதிப்பெண் சேர வேண்டும் என்று தொழிற்சாலை மேலாளருக்கு இப்போதுதான் கடிதம் எழுதி முடித்தேன். யாரைக் கேட்டு எழுதினாய் என்று பேராசிரியர் கத்துவார். பட்டமே நின்றுபோகலாம். அந்த இடத்துக்கு இதற்குள் வேறு ஆளை எடுத்திருந்தால்? ஆனாலும் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டியாயிற்று.