முதலில் கவனித்தவர்

என் வாயாடி மகளுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். நானும் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போய்வருகிறேன், அதையே நலம் என்று வைத்துக்கொள். சித்தி வாரம் ஒரு தடவை வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன மாமா, வீடா ஐஸ் டப்பாவா என்று திட்டிவிட்டுப் போகிறாள். அம்மா போய் நாலு மாசம் ஆகிறது, அவள் அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை, நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் ஸ்கேன் அறையில் வருஷம் ஒருமுறை சர்வீஸ் முடிந்ததும், இயந்திரம் சரியாகப் படம் எடுக்கிறதா என்று பார்க்க நோயில்லாத ஒரு ஆள் வேண்டும், நான் உன் அம்மாவைத்தான் கூப்பிடுவேன். கட்டின பொண்டாட்டிய குழாய்க்குள்ள தள்ளிட்டு வெளிய நின்னு பட்டன் அமுக்கற ஒரே மனுஷன் நீங்கதான் என்று சிரிப்பாள். அப்படி ஏழு வருஷத்துப் படங்கள், எல்லாவற்றையும் 'நார்மல்' என்று எழுதி வைத்து, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் காட்டினேன். போன வாரம் மூளை டாக்டர் அவற்றைப் புது மென்பொருளில் போட்டார். மூளையின் மேலடுக்கு எங்கே எவ்வளவு மெலிந்தது என்று அது மயிரிழை கணக்காக அளக்கிறது. ஐந்தாவது வருஷமே நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி மெலிய ஆரம்பித்துவிட்டதாம், அம்மாவின் குணத்தை மாற்றிய அந்த நோய்க்கு டாக்டர்கள் பெயர் வைப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். நான் படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஓகே போட்டிருக்கிறேன்.

நோய் வந்த மூளைப் படம் எங்ககிட்ட நெறைய இருக்கு சார், வர்றதுக்கு முன்னாடி வருஷா வருஷம் எடுத்தது இது ஒண்ணுதான் என்று டாக்டர் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். அவர் தந்த படிவத்தில், குணத்தில் மாற்றத்தை முதலில் கவனித்தவர் யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழக்கத்தில் கணவர் என்று எழுதிவிட்டேன், பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. அந்த ஐந்தாவது வருஷம் உனக்குப் பதினாலு வயது. நான் அழறப்ப அம்மா சிரிக்கிறாங்கப்பா, வேணும்னு சிரிக்கல, அவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். பெத்தவளப் பத்திப் பேசற பேச்சா இது என்று கத்தி, இரண்டு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு நீ எதையுமே என்னிடம் சொன்னதில்லை. சீக்கிரம் தெரிந்திருந்தாலும் மருந்து இல்லை என்கிறார் டாக்டர், ஆனால் அவளை நாம் திட்டாமல் இருந்திருப்போம், உன்னையும் நான்.

கணவர் என்பதை அடித்துவிட்டு மகள் என்று எழுதியிருக்கிறேன். படங்களைக் கொடுப்பதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். முதலில் கவனித்த தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அது எந்த நாள் என்று எனக்கு ஞாபகமில்லை, உனக்கு இருக்கும். நீ எழுது.

நீ நூறு வயசு தெளிவாக வாழ வேண்டும். கண்ணாடி பவரைச் சோதித்துக்கொள், தள்ளிப்போடாதே.

உன்னை நம்பாமல் போன
அப்பா