அப்பா நின்ற இடம்

மெர்போக்,
17 நவம்பர் 2024

அன்பு மகள் ஃபெலிசியாவுக்கு,

தூர தேசத்தில் தனியாக இருக்கும் உன்னை ஆண்டவர் தம் கையில் வைத்துக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மழை விடவில்லை. பின்கட்டுக் கூரை ஒழுகியதை உன் சித்தப்பா வந்து அடைத்துக் கொடுத்தார்.

போனில் பேசினால் நீ ஏதாவது கேட்பாய், நான் அதற்கு மட்டும் பதில் சொல்வேன். பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்போம். அதனால்தான் கடிதம். போய்ச் சேர இரண்டு வாரம் ஆகலாம் என்றார்கள். ஆகட்டும்.

நீ அனுப்பிய முதல் வீடியோவைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உயரமான தொட்டி நிறைய மஞ்சள் உருண்டைகள். கீழே திறந்ததும் நடுவில் குழி விழுந்து எல்லாம் இறங்குகின்றன. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வோர் உருண்டையும் நெல்; எது எதைத் தள்ளுகிறது, எவ்வளவு உரசுகிறது என்று கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது; ரயில் தண்டவாளத்துக் கற்களுக்கு நீ அங்கே செய்கிற அதே வேலைதான். சிவப்பு உருண்டைகளை ஒட்டவைத்துச் செய்திருப்பது அப்பா என்றும் எழுதியிருந்தாய்.

நாலு தடவை பார்த்தேன். அழுகை வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது, போய் அணைத்தேன்.

தொட்டிக்கு அடியில் அடைப்பு மூடித்தான் இருந்தது, தொழிலாளி இஞ்ஞாசிமுத்து யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கினார், சுவரில் இறுகியிருந்த நெல் சரிந்து மேலே விழுந்தது என்று அப்பாவின் சாவைப் பற்றி நெல் ஆலைக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியானால் ஒரு மீட்டருக்குக் கீழே போயிருக்க மாட்டார் என்று உன் கணக்கு சொன்னது. தீயணைப்புக்காரர்கள் அவரை எடுத்தது இரண்டரை மீட்டர் ஆழத்தில், சுவரோரமாக. அடைப்பைத் திறந்து ஓட்டினாலோ உன் சிவப்பு மனிதன் ஒவ்வொரு தடவையும் நடுவுக்கே போய்விடுகிறான். நூறு தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்பா எங்கே நின்றார் என்று வசந்தனைக் கேட்டு வா என்றாய்.

போனேன். வசந்தன் பன்னிரண்டு வருஷம் அப்பாவோடு வேலை செய்தவன், அன்று அடைப்பைத் திறக்கும் சுவிட்ச் பலகையில் நின்றவன். அடக்கத்துக்குப் பிறகு நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. புக்கிட் செலம்பாவில் அவன் வீட்டு வாசலில் சித்தப்பா என்னை இறக்கிவிட்டார். அவன் மனைவி வாசுகி தேத்தண்ணி கொடுத்தாள். வீடியோவைக் காட்டினேன். ஒரு தடவைதான் பார்த்தான். எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"அக்கா, அண்ணன் நிற்கலை. சுவரோரமா முட்டி போட்டிருந்தாரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கு ஈர நெல்லோடு லோரிகள் சாலைவரை நின்றிருக்கின்றன. தொட்டியில் பழைய நெல் சுவரில் கட்டிப்போய் இறங்கவில்லை. அப்பா கம்பி எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கிக் குத்தியிருக்கிறார். இடுப்பில் கயிறு இல்லை. இருந்த ஒரு கயிறும் ஜூன் மாதமே அறுந்துபோய் மாற்றாமல் கிடந்ததாம். குத்தி உதிர்த்தது இறங்கட்டும், அடைப்பைக் கொஞ்சம் திற என்று அவர்தான் உள்ளேயிருந்து சத்தம் கொடுத்திருக்கிறார். வசந்தன் கால் பங்கு திறந்தான். அவர் முட்டி போட்டிருந்த கட்டியே உடைந்து உள்ளே போயிருக்கிறது. அலறல் கேட்டதும் மூடிவிட்டான். எத்தனை விநாடி என்று நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பத்துகூட இருக்காது என்றான்.

அன்று மாலையே ஆலை மேலதிகாரிகள், அடைப்பு மூடியிருந்தது என்று மலாயில் தட்டச்சு செய்த காகிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"போட்டுட்டேன் அக்கா. திறந்தது நான்தானே. உள்ளே போட்டுருவாங்கன்னு பயம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். நான் என்ன செய்யணும் சொல்லுங்க என்றான். என் மகள் கேட்கச் சொன்னது இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்தேன்.

"சொல்றதா இருந்தா, நீ திறந்ததை மட்டும் சொல்லாதே. அவர் திறக்கச் சொன்னதையும் சொல்லு. கயித்தையும் சொல்லு."

அப்பாவின் மேலும் பிழை வரும் என்று எனக்குத் தெரியும். நடந்தது அதுதான்.

வசந்தன் சொன்னதை உனக்குச் சொன்னேன். மறுநாள் நீ அதை வைத்து ஓட்டிப் பார்த்து, பொருந்திவிட்டது அம்மா என்று ஒரே வரியோடு வீடியோக்களை அனுப்பினாய். அதன்பின் உன்னிடமிருந்து செய்தியே இல்லை.

புதன்கிழமை வசந்தன் அலோர் ஸ்டாருக்குப் போய், விபத்தை விசாரிக்கும் அரசாங்க அதிகாரியிடம் பழைய வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டான். நான் அவனுக்கு அனுப்பிய உன் வீடியோவையும் காட்டினானாம். அதிகாரி மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று தொட்டிகளுக்கும் சீல் வைத்துவிட்டார்கள். ஆலையில் வசந்தனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். விசாரணை ஜனவரியில். நீ வந்து விளக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ கடைசியாக அனுப்பியவற்றில் இன்னொரு வீடியோவும் இருந்தது. கயிறு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. அதில் அப்பா இடுப்புவரைதான் புதைகிறார். தலை வெளியே இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டேன். அதை அதிகாரிக்குக் கொடு. எனக்கு இனி அனுப்பாதே. நீயும் போட்டுப் பார்க்காதே. பொருந்திய பிறகும் நீ ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரியும்.

விசாரணைக்கு வருவது இருக்கட்டும். கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே வா. அடக்கத்துக்கு வந்த மூன்று நாளும் நீ வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் இன்னும் அழவில்லை, மகளே. தனியாக எனக்கு வரமாட்டேன் என்கிறது.

உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு,
அம்மா